மருத்துவமனையில் யார் தலைவர்?

தேக்கா நிலையத்திலிருந்து புக்கிட் தீமா சாலையோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை வந்துவிடும். சிராங்கூன் சாலைப் பக்கம் பேருந்து ஏறினால் சற்று நேரத்தில் மோல்மின் சாலையை ஒட்டியுள்ள டான் டோக் செங் மருத்துவமனைக்குப் போய்விடலாம். சிங்கப்பூர்த் தமிழர் வாழ்க்கையில் கோயிலுக்கும் சந்தைக்கும் அடுத்த இடம் இவ்விரு மருத்துவமனைகளுக்குத்தான் என்றால் அது மிகையாகாது. நம் பெற்றோர் தலைமுறையில் பலரிடம் "எங்கே பிறந்தீர்கள்?" என்று கேட்டால் "கேகே" என்றே பதில் வரும். கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். அந்தப் பெயரைத் தாங்கிய மருத்துவமனை 1924-ஆம் ஆண்டு பிரசவ மருத்துவமனை ஆனது. 1966-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன. கின்னஸ் புத்தகத்தில் அதற்கு இடம் கிடைத்தது. 1997-ல் மருத்துவமனை இப்போதைய கட்டடத்திற்கு மாறியது. பழைய இடத்தில் இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது.

39,835-ஐ 365-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு 109 பிரசவங்கள்! அத்தனையையும் மருத்துவர்களே பார்த்திருக்க முடியுமா? சிக்கலில்லாத பிரசவங்களைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் மருத்துவச்சிகளாகப் பயிற்சி பெற்ற தாதியர்தாம். எந்தத் தாய்க்கு எப்போது நிலைமை மாறுகிறது என்று அந்தத் தாதி ஓடிவந்து சொல்லும்போது காது கொடுத்துக் கேட்பதும், கேட்டவுடன் முடிவெடுப்பதும் மருத்துவரின் வேலை. காது கொடுக்காத மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தக் கெட்டிக்காரத்தனம் பிரசவ அறைக்கு உரிய நேரத்தில் வந்து சேராது.

மருத்துவமனையின் மருத்துவர்களுக்குள் தலைமைத்துவத்தை எப்படி வளர்ப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். மருத்துவம் படிக்காத நண்பர்கள் அடுத்த பக்கத்திற்குப் புரட்டிவிட வேண்டாம். நீங்கள் எந்தத் துறையில் பயின்றாலும், உங்கள் தாத்தாவோ பாட்டியோ என்றாவது ஒருநாள் ஒரு வார்டில் படுத்திருக்கப் போகிறார்கள். அந்த வார்டுக்குத் தலைவர் எப்படிப்பட்டவர் என்பது அவர்களுடைய உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

நம் வீடுகளில் பிள்ளை மருத்துவராக வேண்டும் என்ற கனவுக்குப் பஞ்சமே இல்லை. தொடக்கக் கல்லூரித் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாளில் அந்தக் கனவின் சூட்டை எல்லாருமே உணர்ந்திருப்போம். ஆனால் மருத்துவரான பிறகு என்ன? பயிற்சி மருத்துவர், மருத்துவ அதிகாரி, பதிவாளர், ஆலோசகர், மூத்த ஆலோசகர் என்று படிகள் ஏறிக்கொண்டே போகின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒருவர் துறைத் தலைவராகவும் ஆகிவிடுகிறார். அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பல்லாண்டு பயிற்சி கொடுத்த அமைப்பு, அறுபது பேரை வழிநடத்த அவருக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தது? சில பயிலரங்குகள், ஒரு சான்றிதழ். பலருக்கு அவ்வளவுதான். அண்மை ஆண்டுகளில் சுகாதாரத் துறைத் தலைமைத்துவத்திற்கென்று தனிப் பயிற்சிகள் ஏற்படுத்தப்பட்டிருப்பது நல்ல செய்தி. ஆயினும் அவை பெரும்பாலும் மேலே ஏறிவிட்டவர்களுக்கு அளிக்கப்படுகின்றன. பழக்கங்களோ ஏறும் வழியிலேயே இறுகிவிடுகின்றன.

நம் மருத்துவமனைகளின் நிர்வாக அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். 1985-ல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கி, 1989-ல் பொது மருத்துவமனை, 1990-ல் கேகே, 1992-ல் டான் டோக் செங் என்று அரசாங்க மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மறுசீரமைக்கப்பட்டன. உரிமை அரசாங்கத்திடமே இருந்தது. நடத்துவது மட்டும் ஒரு நிறுவனத்தைப்போல. அதனால் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு தலைமை நிர்வாகி வந்தார். அவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிற்காலத்தில் சுகாதார அமைச்சராக விளங்கிய திரு. காவ் பூன் வான் பொறியியல் படித்தவர். அவர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, கேகே, பொது மருத்துவமனை மூன்றுக்கும் தலைமை நிர்வாகியாக இருந்தவர். தலைமை நிர்வாகிக்குப் பக்கத்தில் மருத்துவ வாரியத் தலைவர் என்று ஒருவர் இருப்பார். அவர் கட்டாயம் மருத்துவர். சிகிச்சையின் தரம், மருத்துவர்களின் நடத்தை, எந்த மருத்துவர் என்ன அறுவை சிகிச்சை செய்யத் தகுதியுடையவர் என்பன அவருடைய பொறுப்பு. அவருக்குக் கீழே துறைத் தலைவர்கள். பணமும் கட்டடமும் ஒரு பக்கம், நோயாளியின் உடல் மறு பக்கம் என்று வைத்துக்கொண்டால், இரண்டையும் இணைக்கும் பாலத்தில் நிற்பவர்கள் இந்த மருத்துவத் தலைவர்கள்.

பாலத்தில் நிற்பது எளிதல்ல. மற்ற அலுவலகங்களைப்போல மேலதிகாரி சொன்னால் கீழே நடந்துவிடும் என்பது மருத்துவர்களிடம் செல்லாது. ஒவ்வொரு மருத்துவரும் தம் நோயாளிக்குத் தாமே பொறுப்பு என்ற உறுதியோடு வளர்க்கப்பட்டவர். அந்த உறுதி நல்லதுதான். ஆனால் தனியாக நின்று சரியான முடிவெடுக்கப் பழகிய ஒருவரிடம், "இனி மற்றவர்கள் சரியான முடிவெடுக்க நீங்கள் உதவுங்கள்" என்று சொல்வது, ஓட்டப் பந்தய வீரரைத் திடீரென்று காற்பந்துக் குழுவுக்குப் பயிற்றுநராக்குவதைப் போன்றது. கால் ஒன்றுதான், ஆட்டம் வேறு.

2003-ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்போம். இன்றைய இளங்கலை மாணவர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். ஹாங்காங் சென்று திரும்பிய ஒருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் நிமோனியாக் காய்ச்சலோடு டான் டோக் செங் மருத்துவமனையில் சேர்ந்தார். அது என்ன நோய் என்று அப்போது உலகில் யாருக்கும் தெரியாது. சில நாட்களில் அவரைக் கவனித்த தாதியரும் மருத்துவர்களும் வரிசையாகப் படுத்தார்கள். மார்ச் 12-ல் உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. மார்ச் 22-ல் டான் டோக் செங் சார்ஸ் நோய்க்கான மருத்துவமனையாக அறிவிக்கப்பட்டது. மே 31-ல் சிங்கப்பூர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. மொத்தக் கணக்கு இதுதான்: 238 பேருக்கு நோய், 33 பேர் மரணம். நோயுற்றவர்களில் ஐந்தில் இருவர் சுகாதாரப் பணியாளர்கள். டான் டோக் செங்கின் இளம் மருத்துவர் ஓங் ஹோக் சு, பொது மருத்துவமனையின் இரத்தநாள அறுவை நிபுணர் அலெக்ஸாண்டர் சாவ் இருவரும் ஏப்ரல் மாதத்தில் உயிரிழந்தனர். தாதியரும் மாண்டனர்.

அந்தச் சமயத்தில் தொற்றுநோய் நிலையத்தின் மருத்துவ இயக்குநராக இருந்தவர் டாக்டர் லியோ யீ சின். 1999-ல் நிப்பா கிருமி வந்தபோது கற்றதும் அவருக்குக் கைகொடுத்தது. பின்னாளில் தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தின் நிர்வாக இயக்குநராகி, 2020-ல் கொவிட் வந்தபோதும் முன்னின்றார். இத்தகைய தலைவர்களின் துணிச்சலைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. நான் கவனித்தது வேறொன்று. அந்த மூன்று மாதங்களில் மருத்துவமனைப் பணியாளர் அனைவரும் ஒவ்வொரு நாளும் தவறாமல் உடல் வெப்பநிலையைப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. பேராசிரியரானாலும் துப்புரவாளரானாலும் வெப்பமானிக்கு முன் ஒன்றே. "எனக்கு ஒன்றுமில்லை, நான் மருத்துவர், எனக்குத் தெரியும்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. முகக்கவசம் சரியாகப் பொருந்தவில்லை என்று ஒரு தாதி மூத்த மருத்துவரிடமே சொல்லலாம்; அவர் திருத்திக்கொண்டே ஆக வேண்டும். நூறாண்டுப் படிநிலையை ஒரு கிருமி சில வாரங்களில் தட்டையாக்கிவிட்டது. கிருமி போனதும் படிநிலை மறுபடியும் எழுந்து நின்றுகொண்டது என்பதுதான் என் ஆதங்கம்.

அப்படி எழுந்து நின்றால் என்ன ஆகும் என்று நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது நான் பயிற்சி மருத்துவர். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். இடுப்பெலும்பு அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் படுத்திருந்த ஒரு முதியவர். சிராங்கூன் சாலைப் பூக்கடை ஒன்றில் வெகுகாலம் மாலை கட்டியவர். காலையில் மூத்த மருத்துவர் வார்டைச் சுற்றி வந்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர் வாத்துக் குஞ்சுகளைப்போல வரிசையாக. முதியவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கத்துத் தாதி ஒருவரிடம், "நெஞ்ச அடைக்குது தாயி" என்றார். தாதி அதை ஆங்கிலத்தில் சொன்னார். மூத்த மருத்துவர், "வலி மாத்திரை வயிற்றைக் கெடுத்திருக்கும், அமிலத்துக்கு மருந்து கொடுங்கள்" என்று கூறிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். தாதி விடவில்லை. இரண்டாம் முறையும் சொன்னார். மருத்துவர் திரும்பிப் பார்த்த பார்வையில் வார்டே அமைதியானது.

தமிழ் தெரிந்த நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று புரியும். "நெஞ்சு கரிக்குது" என்றால் அது வயிறு. "நெஞ்ச அடைக்குது" என்றால் அது வேறு. ஆங்கிலத்தில் இரண்டும் நெஞ்சில் ஏதோ அசௌகரியம் என்று ஒரே பானைக்குள் போய்விடுகின்றன. சுற்று முடிந்ததும் அந்தத் தாதி என்னிடம் வந்து, "டாக்டர், நீங்களாவது ஒரு ஈசிஜி எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். மாரடைப்பு. இருதயப் பிரிவினர் வந்து அவரை அழைத்துச் சென்றனர். சில வாரங்களில் வீடு திரும்பினார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் அந்தத் தாதியை அழைத்து, சுற்றின்போது மருத்துவரை இடைமறிக்கக் கூடாது, சொல்ல வேண்டியதை உரிய வழியில் சொல்ல வேண்டும் என்று அறிவுறுத்தினார்கள். நன்றி சொன்னவர் யாருமில்லை. அந்த மூத்த மருத்துவர் கெட்டவர் அல்லர். அவருடைய கைத்திறனை இன்றும் வியக்கிறேன். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அந்த வார்டில் எந்தத் தாதியும் எதையும் இரண்டாம் முறை சொன்னதாக எனக்கு நினைவில்லை. அடுத்த நோயாளிக்கு நெஞ்சை அடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இது ஒரு தனிமனிதரின் கோபம் பற்றிய கதை என்று நினைத்தால், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்ததைப் பாருங்கள். அங்குள்ள மருத்துவமனையில் குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட இருதய அறுவை சிகிச்சைகளில் மற்ற இடங்களைவிட அதிகக் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். ஸ்டீபன் போல்சின் என்ற மயக்க மருந்து நிபுணர் கணக்கெடுத்துப் பார்த்து எச்சரித்தார். எச்சரிக்கையை யாரிடம் கொண்டுபோவது? மருத்துவ இயக்குநரிடம். அந்தப் பதவியில் இருந்தவரோ அதே அறுவை சிகிச்சைகளைச் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் விஷார்ட். அவருக்கும் மேலே? தலைமை நிர்வாகி ஜான் ராய்லன்ஸ். அவரும் மருத்துவர்தான்! மருத்துவ விஷயங்களை மருத்துவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. 1998-ல் இருவருடைய பெயர்களும் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. நிர்வாகியின் நாற்காலியில் அமர்ந்தாலும் மருத்துவருக்குரிய கடமை போய்விடாது என்று மேல்முறையீட்டில் உறுதி செய்யப்பட்டது. 2001-ல் வெளியான விசாரணை அறிக்கை, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 30 முதல் 35 பேர் எதிர்பார்க்கக்கூடியதைவிட அதிகமாக இறந்திருக்கிறார்கள் என்று கூறியது. எச்சரித்த போல்சின் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்.

ஆகவே மருத்துவமனைக்கு மருத்துவரே தலைவராக இருக்க வேண்டுமா, மேலாண்மை படித்தவர் இருக்கலாமா என்ற விவாதத்தில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. ஆமண்டா குடால் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளை ஆராய்ந்து 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மருத்துவர் தலைமை நிர்வாகியாக உள்ள மருத்துவமனைகளின் தரப் புள்ளிகள் ஏறத்தாழ 25 விழுக்காடு அதிகம் என்பது அதன் முடிவு. மருத்துவர்கள் இதை மேடைதோறும் சொல்லிப் பெருமைப்படுவதுண்டு. நல்ல மருத்துவமனைகள் மருத்துவர்களைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கின்றனவா, மருத்துவர்கள் தலைவராவதால் மருத்துவமனை நன்றாகிறதா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. பிரிஸ்டலில் மேலிருந்து கீழ்வரை மருத்துவர்கள்தானே?

நம் ஊரிலேயே 2015-ல் ஒரு பாடம் கிடைத்தது. பொது மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவு வார்டில் 25 நோயாளிகளுக்கு ஹெப்படைட்டிஸ் சி தொற்றியது. அவர்களில் சிலர் இறந்தனர். அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான சுயேச்சை மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, கிருமித் தடுப்பில் இருந்த குறைகளோடு, செய்தி மேலே போய்ச் சேருவதில் ஏற்பட்ட தாமதத்தையும் சுட்டிக்காட்டியது. யாரும் வேண்டுமென்றே மறைத்ததற்கு ஆதாரம் இல்லை என்றும் அக்குழு கூறியது. இந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. யாரும் மறைக்கவில்லை, இருந்தும் செய்தி மெதுவாகத்தான் ஏறியது. அப்படியென்றால் மனிதர்களின் நேர்மையை மட்டும் நம்பிப் பயனில்லை. செய்தி ஏறிவரும் படிக்கட்டைத் தலைவர் தாமே கட்டிவைக்க வேண்டும்.

தவறு செய்யும்போது இடித்துச் சொல்லும் துணை இல்லாத மன்னனைக் கெடுக்கப் பகைவர்கூடத் தேவையில்லை, அவன் தானாகவே கெடுவான் என்று வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்திற்கு நான்கு கூறுகளை அவர் எண்ணும்போது நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, பக்கத்தில் இருந்து கவனிப்பவரையும் நான்காவதாகச் சேர்க்கிறார். இவற்றையெல்லாம் உயர்நிலைப் பள்ளியில் தேர்வுக்காக மனனம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். வீட்டிலோ, "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று வளர்க்கப்பட்டவர்களும் நாமே. வள்ளுவர் தேர்வில் ஜெயித்தார், பாட்டி வாழ்க்கையில் ஜெயித்தார்! சீன, மலாய் நண்பர்களின் வீடுகளிலும் இதே கதைதான் என்பதால் இது தமிழருக்கு மட்டும் உரிய குறை என்று நினைக்க வேண்டாம். ஆனால் வார்டில் பேசத் தயங்கும் இளையர் பலர் இந்த வளர்ப்பிலிருந்து வருபவர்கள் என்பதைத் தலைவர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று ஒருமுறை சொன்னால் அவர்கள் கேட்க மாட்டார்கள். கேட்பதையே நடைமுறையாக்கினால்தான் கேட்பார்கள்.

நம்மவரில் மருத்துவத் தலைவருக்கு எடுத்துக்காட்டு தேடினால் பேராசிரியர் எஸ். எஸ். ரத்னத்தைச் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். 1970 முதல் 1995 வரை கால் நூற்றாண்டு நம் தேசியப் பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1983-ல் ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை அவருடைய குழுவின் முயற்சியால் கேகே மருத்துவமனையில் பிறந்தது. செய்தித்தாள்கள் அவர் பெயரைப் போட்டன. ஆனால் சோதனைக்குழாய்க் குழந்தை என்பது ஒருவர் கையால் ஆகிற காரியமா? ஆய்வகத்தில் இரவெல்லாம் கண்விழிப்பவர், ஊசி போடும் தாதி, கருவை நுண்ணோக்கியில் பார்ப்பவர் என்று ஒரு கூட்டமே ஒரே நூலில் நடக்க வேண்டும். அவருடைய துறையில் பின்னர் சேர்ந்த ஆரிஃப் பொங்சோ இலங்கையைச் சேர்ந்த கால்நடை மருத்துவர். மனித மருத்துவர்கள் நிறைந்த துறையில் விலங்கு மருத்துவருக்கு என்ன வேலை என்று கேட்கும் தலைவராக இருந்திருந்தால் அந்தக் கதவு அப்போதே மூடியிருக்கும். பொங்சோவின் குழு 1994-ல் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து உலகின் கவனத்தைப் பெற்றது. பட்டத்தைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்து ஆளைச் சேர்ப்பது ஒரு தலைவரின் அரிய குணம். அதே சமயம், ஒருவரே இருபத்தைந்து ஆண்டுகள் தலைமையில் இருப்பது எல்லாருக்கும் பொருந்தாது என்றும் கருதுகிறேன். ரத்னம் போன்றவர்கள் விதிவிலக்கு. விதியை அவர்களை வைத்து எழுதக்கூடாது.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? முதலில் தேர்வு முறை. துறைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளையும் பணியாண்டுகளையும் எண்ணுகிறோம். அவரோடு இரவுப் பணி பார்த்த தாதியிடமும், அவருக்குக் கீழே ஆறு மாதம் இருந்த பயிற்சி மருத்துவரிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "இவர் தவறு செய்கிறார் என்று தோன்றினால் இவரிடம் சொல்வீர்களா?" அந்தப் பதிலுக்கு ஆய்வுக் கட்டுரைகளைவிட அதிக மதிப்பு கொடுக்க வேண்டும் என்பது என் துணிபு. நோயாளிகளின் மரணங்களையும் சிக்கல்களையும் அலசும் கூட்டம் ஒவ்வொரு துறையிலும் நடக்கிறது. அதில் பெரும்பாலும் இளையவர் ஒருவரே எழுந்து நின்று நோயாளியின் கதையை விவரிக்க, மூத்தவர்கள் கேள்வி கேட்கிறார்கள். தலைவர் தம் சொந்த நோயாளியின் கதையோடு அந்தக் கூட்டத்தைத் தொடங்கட்டும். அறையின் காற்று மாறுவதைப் பார்ப்பீர்கள்.

நான் பின்னாளில் வேலை செய்த ஒரு துறையில் புதிதாக வந்த தலைவர் ஒரு சிறிய மாற்றம் செய்தார். வார்டு சுற்றில் ஒவ்வொரு கட்டிலருகிலும் முதலில் தாதிதான் பேச வேண்டும், அதன் பிறகு பயிற்சி மருத்துவர், கடைசியில் அவர். முதல் வாரம் தாதியர் கூச்சத்தில் இரத்த அழுத்தத்தை மட்டும் படித்தார்கள். மூன்றாம் வாரம், "இந்த அம்மா ராத்திரி முழுக்கத் தூங்கல, மகன் வரலன்னு அழுதாங்க" என்று ஒருவர் சொன்னார். அந்த அம்மா மருந்து சாப்பிட மறுத்ததற்கான காரணம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஒரு வெள்ளிகூடச் செலவில்லாத மாற்றம் இது. சுற்று முடியப் பத்து நிமிடம் கூடுதலாகிறது, அவ்வளவுதான். அந்தப் பத்து நிமிடத்திற்கு முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

"எல்லாரையும் பேசவிட்டால் அவசரத்தில் யார் முடிவெடுப்பது? உயிர் போகும் நேரத்தில் பட்டிமன்றமா நடத்துவது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இதயம் நின்றுபோன நோயாளியை மீட்கும் பயிற்சியில் எங்களுக்கு என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் தெரியுமா? குழுத் தலைவர் எதையும் கையில் எடுக்காமல் கட்டிலின் கால்மாட்டில் நிற்க வேண்டும். ஒருவர் நெஞ்சை அழுத்துவார், ஒருவர் மருந்து ஏற்றுவார், ஒருவர் நேரம் பார்ப்பார். தலைவர் தாம் என்ன நினைக்கிறார் என்பதை உரக்கச் சொல்வார், வேறு யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்பார், பிறகு முடிவெடுப்பார். மிக அவசரமான அந்தச் சில நிமிடங்களிலேயே கேட்பதற்கு இடம் இருக்கிறது. நிதானமான காலைச் சுற்றில் இல்லை என்றால் அது நேரப் பிரச்சினை ஆகாது.

இதையெல்லாம் மருத்துவர்கள் நாற்பது வயதில் கற்கத் தொடங்குவது கடினம். மாணவப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். நம் சங்கங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தலைவர் தேர்தலில் யார் ஜெயிக்கிறார்? பெரும்பாலும் பட்டிமன்றத்தில் நன்றாகப் பேசுபவர். (நானும் செயலவையில் இருந்தவன், உள்குத்து இல்லை.) நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "அண்ணே, ஒலிபெருக்கி சரியில்ல, அரங்கத்தை மாத்திடலாம்" என்று முதலாமாண்டுத் தங்கை சொன்னால் மூன்றாமாண்டு அண்ணன் என்ன பதில் சொல்கிறார் என்பதில்தான் அவருடைய தலைமைத்துவம் இருக்கிறது. அந்த அண்ணன்களில் சிலர் நாளை வார்டுகளில் வாத்துக் குஞ்சுகளுக்கு முன்னால் நடக்கப் போகிறார்கள்.

நம் பல்கலைக்கழகங்களின் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு யோசனை. மருத்துவம், தாதிமை, மருந்தியல் படிக்கும் தமிழ் மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றுகூட்டி ஒரு பயிலரங்கு நடத்துங்கள். தேக்கா வட்டாரத்துப் பெரியவர்கள் சிலரையும் அழையுங்கள். கரிக்கிறது, அடைக்கிறது, குத்துகிறது, இழுக்கிறது, மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று அவர்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லும் சொற்களையெல்லாம் சேகரித்து, ஒவ்வொன்றும் மருத்துவருக்கு என்ன சொல்கிறது என்று எழுதிவையுங்கள். பிற்பகலில் அதே மாணவர்கள் ஒரு நாடகம்போல் நடித்துப் பழகட்டும்: மூத்த மருத்துவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார், நீங்கள் இரண்டாம் முறை சொல்ல வேண்டும், என்ன வார்த்தையில் சொல்வீர்கள்? மூத்த மருத்துவராக நடிப்பவருக்கும் அது பயிற்சிதான். இடமும் தேநீரும் நீங்கள் ஏற்பாடு செய்தால், சனிக்கிழமைகளில் வந்து நடத்த நானும் என்னோடு பணிபுரியும் தாதியர் இருவரும் தயாராக இருக்கிறோம்.